140 சதுரம், ஒரு போர்வை: நிறம் பார்ப்பதும் கை சோராமல் முடிப்பதும்

கொக்கி ஊசியால் நூல் பின்னுகிற குரோஷேயில் பெரிய போர்வையை ஆரம்பிக்கிறவர்கள் நிறைய பேர், முடிக்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். சின்னச் சின்னச் சதுரமாகப் பின்னி, கடைசியில் எல்லாவற்றையும் இணைத்துப் போர்வையாக்குவது என் வழி. நானும் முதல் இரண்டைப் பாதியில் விட்டுவிட்டு மூன்றாவதைத்தான் முடித்தேன், அக்கா மகள் டெல்லியில் ஹாஸ்டலுக்குப் போகிறாள் என்றதும் எப்படியும் முடித்தே ஆகணும் என்று உட்கார்ந்தது அது. அதில் புரிந்த விஷயம் ஒன்றே ஒன்று: நிறம் சலித்தால் கை தானாக நின்றுவிடும். நூல் வாங்குகிற அன்றைக்கே ஆறு மாசத்துக்கான ஆர்வத்தையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம், அதனால் அந்த ஒரு நாளை அவசரப்படுத்தாதீர்கள்.

நிறத்துக்கு எங்கேயோ படம் தேடுவதைவிட வீட்டுப் பீரோவைத் திறங்கள். நம்ம வேலூர்ப் பக்கம் ஆரணிப் பட்டு இல்லாத வீடு குறைவு. உங்களுக்கு ரொம்பப் பிடித்த ஒரு புடவையை எடுத்து விரித்து, உடல் என்ன நிறம், பார்டர் என்ன, நடுநடுவே கண்ணில் படுகிற கோடு என்ன என்று பாருங்கள். யாரோ ஒரு நெசவாளர் அளவு பார்த்து வைத்த கணக்கு அது: உடலில் ஒரு நிறம் நிறைய, பார்டரில் இன்னொன்று கொஞ்சம், மூன்றாவது ஒன்று மின்னி மறைகிற அளவுக்கு. அதே கணக்கை அப்படியே போர்வைக்குக் கொண்டுவரலாம். நான் எடுத்தது அம்மாவின் புடவை ஒன்று, சந்தன நிறத்தில் அரக்கு பார்டர், ஓரத்தில் மெல்லிசாக மாம்பழ மஞ்சள். அந்த மூன்றோடு வெங்காயத்தோல் நிறம், கிளிப்பச்சை, எம்.எஸ். நீலம் (பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமியின் புடவையால் பெயர் வந்த நீலம்) மூன்றையும் சேர்த்தேன். ஆறுக்கு மேல் போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம், எட்டு பத்து என்று போனால் கடைசியில் எதுவுமே எடுத்துக் காட்டாது.

மயில் கழுத்து நிறம் வேணுமா? அந்த நிறத்தில் நூல் தேடி அலையாதீர்கள். தறியில் பாவு (நீள இழை) ஒரு நிறம், ஊடை (குறுக்கு இழை) ஒரு நிறம் போட்டுத்தான் அது வருகிறது. நீங்களும் மெல்லிய நீல இழை ஒன்று, பச்சை இழை ஒன்று இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஒரே நூலாகப் பின்னிப் பாருங்கள், கிட்டத்தட்ட அதே மினுக்கம் கிடைக்கும்.

சரி, கடையில் கவனிக்க வேண்டியது. டியூப்லைட் வெளிச்சத்தில் எந்த நிறத்தையும் நம்பாதீர்கள், நூல்கண்டுகளைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்புறம் போனில் ஒரு படம் எடுத்து அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். இரண்டு நிறமும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் போர்வையிலும் தூரத்திலிருந்து ஒன்றாகத்தான் தெரியும். முதல் போர்வைக்கு நான் மெரூனும் பாட்டில் பச்சையும் எடுத்து நாற்பது சதுரம் போட்டபிறகு, ராத்திரி கட்டிலில் பரப்பி வைத்தால் ஆயா எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, ரெண்டும் ஒண்ணாவே கீது" என்று கேட்டது. உண்மைதான், இரண்டும் ஒரே இருட்டு. ஆழமான நிறம் ஒன்று இருந்தால் வெளிர் நிறம் ஒன்று கட்டாயம் வேணும், நடுத்தரமாக ஒன்றிரண்டு போதும்.

லேபிளில் நிற எண்ணோடு லாட் எண்ணும், அதாவது எந்தத் தடவை சாயம் போட்டது என்கிற எண்ணும் இருக்கும், அதையும் பாருங்கள். ஒரே நிறமே ஆனாலும் அடுத்த முறை சாயம் போட்டது ஒரு சாயல் தள்ளி இருக்கலாம். குறைந்தது அடி நிறத்தையாவது, அதாவது எல்லாச் சதுரத்துக்கும் கடைசிச் சுற்றாக வரும் நிறத்தை, மொத்தமாக ஒரே லாட்டில் வாங்கிவிடுங்கள்.

எவ்வளவு வாங்குவது என்பதற்கு என் வழி இது. எல்லா நிறத்திலும் ஒரு கண்டு மட்டும் வாங்கி, முதலில் பத்து சதுரம் போட்டு, பக்கத்து மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசில் பத்தையும் சேர்த்து நிறுத்துப் பார்க்க வேண்டும். ஒற்றைச் சதுரத்தை நிறுத்தால் சரியாக வராது. எனக்கு 5 மி.மீ. கொக்கி ஊசியில் ஐந்து சுற்று கிரானி ஸ்கொயர் (நடுவிலிருந்து சுற்றுச் சுற்றாக விரிகிற சதுரம்), பக்கத்துக்கு அரை அடி, பத்தும் சேர்ந்து 120 கிராம் வந்தது. 5 அடி அகலம் 7 அடி நீளப் போர்வைக்குப் பத்துக்குப் பதினாலு, மொத்தம் 140 சதுரம், ஆக 1,680 கிராம். இணைக்கவும் ஓரம் கட்டவும் ஒரு 250 கிராம். அடி நிறம் தனியாக எவ்வளவு என்று கேட்டால், ஐந்து சுற்றில் கொத்துகள் (மும்மூன்று தையலாகச் சேர்ந்து வருபவை) 4, 8, 12, 16, 20 என்று ஏறி மொத்தம் 60, கடைசிச் சுற்று மட்டும் அதில் மூன்றில் ஒரு பங்கு. அப்படியென்றால் 560 கிராம், அதோடு இணைப்புக்கும் ஓரத்துக்கும் உள்ள 250. கணக்குத் தெரிந்ததும் பாக்கியை ஒரே தடவையில் வாங்குங்கள், அடி நிறத்துக்குச் சோதனைக் கண்டை நம்பாமல் 810 கிராமையும் புதிதாகவே வாங்குங்கள்.

ஏன் சதுரம், ஒரே துணியாக வரிசை வரிசையாகப் போட்டால் என்ன என்றால், வேலூர் வெயில்தான் பதில். கத்திரி வெயிலில் பாதி முடிந்த போர்வையை மடியில் போட்டுக்கொண்டு யாராலும் உட்கார முடியாது. சதுரம் அரை அடிதான், கைப்பையில் போகும். ஆஸ்பத்திரியில் டோக்கன் போட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில், காட்பாடி பிளாட்பாரத்தில், சித்தூர் பஸ்ஸில் என்று எனக்கு முடிந்தவை ஏராளம். வியர்த்த கையில் அலுமினிய ஊசி நூலோடு ஒட்டிக்கொண்டு நகராது, அந்த மாதங்களில் மூங்கில் ஊசிக்கு மாறிவிடுங்கள்.

ஆடியில் ஆரம்பித்து நாளைக்கு இரண்டு போட்டால் எழுபது நாள். காய்ச்சல், விருந்தாளி, தீபாவளி பலகாரம் எல்லாம் குறுக்கே வந்தாலும் கார்த்திகைக்குள் முடிந்துவிடும். மார்கழியில் இணைக்க உட்கார்ந்தால் விடியற்காலைக் குளிரில் மடியில் வளர வளர அதுவே நமக்குப் போர்வை. அந்த ஒரு மாசம் எனக்கு வேலை மாதிரியே தெரியவில்லை.

ஆபத்து இருப்பது ஐம்பதாவது சதுரத்துக்கு மேல். புதுசு என்கிற ஆசை போயிருக்கும், முடிவும் கண்ணுக்குத் தெரியாது. இதற்கு நான் இரண்டு ஏற்பாடு வைத்திருந்தேன். அடி நிறம் தவிர மற்ற ஐந்து நிறத்தையும் சின்னச் சின்ன உருண்டையாகச் சுற்றி ஒரு மஞ்சப்பையில் போட்டு, பார்க்காமல் கைவிட்டு எடுத்ததுதான் அன்றைய சதுரத்தின் மைய நிறம், இரண்டாவது எடுப்பு அதைச் சுற்றி வரும் இடைச் சுற்றுகளுக்கு. எதைப் போடுவது என்று யோசிப்பதில்தான் பாதிக் களைப்பு, அது போயே போச்சு. இரண்டாவது, எனக்கு உயிரான எம்.எஸ். நீலத்தை அறுபதாவது சதுரம் வரைக்கும் பைக்குள் விடவே இல்லை. அது வரப்போகிறது என்பதற்காகவே ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு என்று கை ஓடியது. இணைக்கும்போது கலந்து அடுக்கிக்கொள்ளலாம், பிந்தி வந்த நிறம் ஒரே பக்கம் குவியாது.

பத்து முடிந்ததும் நூலால் கட்டி வையுங்கள். 140 என்று எண்ணினால் மலைப்பு, பதினாலு கட்டு என்று எண்ணினால் அப்படி இல்லை.

நூல் நுனிகளைப் பற்றிக் கட்டாயம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் போர்வைகள் பெரும்பாலும் சாவது இங்கேதான். ஒரு சதுரத்தில் மூன்று நிறம், நிறத்துக்கு இரண்டு நுனி, 140 சதுரத்துக்கு 840 நுனி. கடைசியில் பார்த்துக்கலாம் என்று விட்டால் யாரும் பார்க்கப் போவதில்லை. ஒரு சாண் நீளம் விட்டு வெட்டி, சதுரம் முடிந்த கையோடு தையல் ஊசியில் கோத்து ஒரு பக்கமாக இழுத்து, மறுபடி எதிர்ப்பக்கமாகத் திருப்பி இழுத்து, அப்புறம்தான் நறுக்க வேண்டும். நுனி மறையாத சதுரத்தைக் கட்டில் சேர்க்காதீர்கள்.

பருத்தி நூல் என்றால் சிவப்பு, அரக்கு இரண்டையும் ஈரப்படுத்தி வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் இறங்கினால் வெளிர் நிறத்துப் பக்கத்தில் வைக்கவே வேண்டாம். துவைத்தபின் கொடியில் தொங்கவிட்டால் தண்ணீர் பாரத்தில் நீளமாக இழுத்துக்கொள்ளும், மாடியில் நிழல் விழுகிற இடத்தில் பாய் போட்டுப் பரப்பிக் காயவையுங்கள். ஒவ்வொரு நிறத்திலும் ஒரு சின்ன உருண்டை மிச்சம் பிடித்து லேபிளோடு எடுத்து வையுங்கள். டெல்லிக்குப் போன போர்வையில் ஒரு மூலை பிரிந்து வந்தபோது, அந்த உருண்டையை வைத்துத்தான் பத்து நிமிஷத்தில் தைத்துக் கொடுத்தேன்.