திரும்பும் விமானத்துக்கு ஆன்லைன் செக்-இன் ஆகாமல் போனது: என் அனுபவம்

தனியாகப் போன வெளிநாட்டுப் பயணத்தின் கடைசி மூன்று நாளையும் இதுவே தின்றுவிட்டது. விமான நிறுவனத்தின் தளத்தில் 6 எழுத்து முன்பதிவுக் குறியீட்டையும் குடும்பப் பெயரையும் போட்டால் பயணம் திறக்கிறது, ஆனால் இருக்கையும் தேர்வு செய்ய முடியவில்லை, செக்-இன் பொத்தானும் இல்லை.

செயலியை நீக்கி மறுபடி நிறுவினேன். பெயரை முன்பின்னாக மாற்றிப் போட்டேன். செக்-இன் திறக்க இன்னும் நேரமாகவில்லையோ என்று ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தேன். எதுவும் நடக்கவில்லை.

அப்புறம்தான் இ-டிக்கெட்டில் விமான எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தேன்: விமானத்தை இயக்குவது வேறொரு நிறுவனம். கோட்ஷேர். டிக்கெட் விற்றவர் ஒருவர், பறக்க வைப்பவர் இன்னொருவர். சரி என்று அந்த இரண்டாவது நிறுவனத்தின் தளத்தில் அதே குறியீட்டைப் போட்டால், 'முன்பதிவு இல்லை' என்றது. இங்கேதான் பலரும் திரும்பிவிடுவார்கள். ஒரே பயணத்துக்கு ஒவ்வொரு நிறுவனமும் தன் கணினியில் பெரும்பாலும் தனிக் குறியீடு வைத்திருக்கும். டிக்கெட்டில் அச்சாகியிருந்தது விற்றவருடையது மட்டும்.

விற்றவரின் உதவி அரட்டையில் "இயக்கும் நிறுவனத்தின் முன்பதிவுக் குறியீடு என்ன?" என்று நேராகக் கேட்டேன். இரண்டு நிமிடத்தில் வந்தது. அதைப் போட்டதும் போர்டிங் பாஸ் கையில். பெரிய நிம்மதி.

இன்னொன்று: நான் குறித்து வைத்திருந்த முனையமும் தவறு. இயக்கும் நிறுவனத்தின் முனையத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது.