ஹானா சாலையில் கேம்பர் வேன்: பெங்களூரிலேயே தொடங்கிவிடும் தவறுகள்

கலிபோர்னியாவுக்கு ஆபீஸ் வேலையாகப் போகிற பெங்களூர்த் தமிழர்கள், கூடவே ஒரு வாரம் லீவு போட்டு ஹவாய்க்கும் போய் வருவது இப்போது சகஜம். குடும்பத்தோடு டோக்கியோ வழியாக நேரே போகிறவர்களும் உண்டு. மவுயி தீவில் இறங்கி, கேம்பர் வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, கஹுலுயியிலிருந்து ஹானா வரை கடலோரமாக ஓட்டுவதுதான் திட்டம். 52 மைல், அதாவது 84 கிலோமீட்டர். கிட்டத்தட்ட 620 வளைவுகள், 59 பாலங்கள். அவற்றில் 46 பாலங்களில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போக முடியும். 2001-லிருந்து இந்தச் சாலை அமெரிக்காவின் வரலாற்றுச் சின்னங்களின் தேசியப் பதிவேட்டில் இருக்கிறது.

ஒயிட்ஃபீல்டிலும் பெல்லந்தூரிலும் போடப்படுகிற பயணத் திட்டங்களைப் பார்த்தால், ஒவ்வொன்றிலும் அதே பழைய ஓட்டைகள். ரெயின்கோட்டை மறப்பது, சன்ஸ்கிரீனை மறப்பது எல்லாம் அங்கேயே கடையில் சரியாகிவிடும். கடையில் வாங்க முடியாதவற்றைப் பற்றி மட்டும் இங்கே.

வண்டியை முதலில் பிடித்துவிட்டு, படுக்கும் இடத்தைக் கடைசியில் தேடுவது

இத்தனை பேர் எழுதியும் மறுபடி மறுபடி நடப்பது இதுதான். பணமும் நிம்மதியும் சேர்ந்து போவதும் இதில்தான்.

கேம்பர் வேன் விளம்பரப் படங்களில் வண்டியின் பின்கதவு திறந்திருக்கும், வெளியே கடல் தெரியும். பார்க்கிறவர்கள் விரும்பிய இடத்தில் நிறுத்தித் தூங்கலாம் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். நம் ஊர்ப் பழக்கமும் அதற்குத் துணை. கோகர்ணம் போகும் வழியில் ஒரு தாபா ஓரத்திலோ பெட்ரோல் பங்க் வளாகத்திலோ வண்டியை நிறுத்தி நாலு மணி நேரம் கண்ணயர்ந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஹவாயில் அது சட்டப்படி குற்றம். மாலை 6 மணியிலிருந்து காலை 6 மணி வரை சாலையிலோ தெருவிலோ வேறு பொது இடத்திலோ நிறுத்திய வாகனத்தைத் தங்குமிடமாகப் பயன்படுத்தக் கூடாது என்று மாநிலச் சட்டத்தின் 291சி-112 பிரிவு சொல்கிறது. தனியார் நிலம் என்றால் உரிமையாளரின் அனுமதி வேண்டும். கடற்கரைப் பூங்காவின் கார் நிறுத்துமிடமும் பொது இடம்தான். 'தூங்கவில்லை, உட்கார்ந்துதான் இருக்கிறோம்' என்ற விளக்கம், படுக்கை விரித்து ஜன்னல் திரை போட்ட வண்டிக்குள்ளிருந்து வந்தால் எடுபடாது.

இடம் பதியாமல் போன குடும்பத்தின் முதல் நாள் பெரும்பாலும் இப்படித்தான் போகிறது. காலை 10 மணிக்கு வேன் கைக்கு வருகிறது. சாமான் வாங்கி முடிக்க மதியம் ஒரு மணி. அருவிக்கு அருவி நிறுத்தி ஹானா வந்து சேரும்போது மாலை 5:30. வையானபானபா மாநிலப் பூங்காவில் இடம் இல்லை. கீபஹுலு முகாமிலும் இல்லை. டிசம்பர் என்றால் 6 மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். வெப்ப மண்டலத்தில் அந்தி நீளாது, அரை மணியில் கும்மிருட்டு. மிச்சம் இரண்டே வழி: ஹானாவில் அந்த நேரத்துக்குக் கிடைக்கிற அறையை ஒரு ராத்திரிக்குச் சில நூறு டாலர் கொடுத்து எடுப்பது, இல்லையென்றால் அதே வளைவுகளையும் அதே பாலங்களையும் இருட்டில், பெரும்பாலும் மழையில், தூங்கும் குழந்தைகளோடு திரும்பக் கடப்பது. இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கிறவர்கள்தான் அதிகம். கோபம் வருவதும் அதனால்தான். ஒரு பர்மிட் முன்கூட்டியே எடுத்திருந்தால் அந்த ஓட்டம் தேவையே இல்லை.

ஆகவே வரிசையை மாற்றுங்கள்.

முதலில் முகாம் இடம். ஹானா பக்கத்தில் முக்கியமானவை இரண்டு. வையானபானபா ஹானாவுக்குச் சற்று முன்னால், 32-ஆம் மைல் கல் அருகே, கறுப்பு மணல் கடற்கரையோடு இருக்கிறது. அதன் பதிவு மாநிலப் பூங்காத் துறையின் தளத்தில். கீபஹுலு, ஹானாவைத் தாண்டி ஏறக்குறைய 12 மைலில், ஹாலேயாகாலா தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. அதன் பதிவு மத்திய அரசின் பொழுதுபோக்கு இடங்களுக்கான தளத்தில். இரண்டும் வேறு வேறு அரசுகள், வேறு வேறு பணம். ஒன்றின் பர்மிட் மற்றொன்றில் செல்லாது. கீபஹுலுவுக்கு முகாம் கட்டணம் போக வண்டிக்கு 30 டாலர் நுழைவுக் கட்டணம் உண்டு, 3 நாள் செல்லும். கார்டு மட்டும்தான் வாங்குவார்கள்.

பதியும்போது கூடாரத்துக்கான இடமா, வாகனத்திலேயே தூங்க அனுமதிக்கும் இடமா என்று அந்தப் பக்கத்திலேயே பார்த்துவிடுங்கள். கூடார இடத்தை எடுத்துவிட்டு வேனில் தூங்கினால் பர்மிட் இருந்தும் தகராறு வரும். வார இறுதியை உள்ளூர்க் குடும்பங்களே நிரப்பிவிடும். திங்கள் முதல் வியாழன் வரை தேடினால் கிடைக்க வாய்ப்பு அதிகம். இடம் உறுதியான பிறகு வேன், ரத்து செய்தால் பணம் திரும்புகிற வகையில். அதன் பிறகு விமான டிக்கெட். நம்மவர்கள் இந்த மூன்றையும் தலைகீழாகச் செய்கிறார்கள்.

பர்மிட்டை அச்செடுத்து டாஷ்போர்டில் வையுங்கள். சாலையின் பெரும்பகுதியில் செல்போன் சிக்னல் கிடையாது. மின்னஞ்சலில் இருக்கிறது என்று வாசலில் நின்று சொல்லிப் பயனில்லை.

தேதியில் ஒரு நாள் பிசகுவது

ஹவாய் நேரம் நம்மைவிட 15 மணி 30 நிமிடம் பின்னால். அங்கே நள்ளிரவு 12 என்றால் பெங்களூரில் பிற்பகல் 3:30. ஒரு தேதிக்கான பதிவு அங்கே நள்ளிரவில் திறக்கிறது என்றால் நீங்கள் கம்ப்யூட்டர் முன் உட்கார வேண்டியது அந்தப் பிற்பகலில்தான்.

டோக்கியோ வழியாகப் போகிறவர்களுக்கு இன்னொரு பொறி. 10-ஆம் தேதி இரவு 9 மணிக்கு டோக்கியோவில் ஏறினால், ஏழு மணி நேரம் பறந்து, அதே 10-ஆம் தேதி காலை 9 மணிக்கு ஹோனோலுலுவில் இறங்குவீர்கள். நடுவில் தேதிக்கோடு. இரவு விமானம், மறுநாள்தான் சேரும் என்று நினைத்து முகாமை 11-லிருந்து பதிந்தால் 10-ஆம் தேதி ராத்திரி நடுத்தெருவில்.

பகலில் மட்டும் வையானபானபாவுக்குப் போக நினைப்பவர்களும் முன்பதிவு செய்தாக வேண்டும். நுழைவை காலை 7–10, 10–12:30, 12:30–3, 3–6 என்று பிரித்திருக்கிறார்கள். கஹுலுயியை அடுத்த பாயியா ஊரில் காலை 8-க்குப் புறப்படுகிறவர் 7–10 பிரிவை எடுத்தால் பணம் வீண். நிறுத்தாமல் ஓட்டினாலே கஹுலுயியிலிருந்து இரண்டரை மணி நேரம் ஆகும். மூன்றாவது பிரிவை எடுங்கள்.

லைசென்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு போவது

சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கூட இருக்கட்டும். பரிவாகன் தளத்தில் படிவம் 4ஏ, கட்டணம் 1000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். தமிழ்நாட்டு லைசென்ஸோடு பெங்களூரில் வசிப்பவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். விண்ணப்பம் உங்கள் லைசென்ஸ் முகவரிக்கு உரிய ஆர்.டி.ஓ.வுக்குப் போகும். கோரமங்களாவில் வாங்கிவிடலாம் என்று கடைசி வாரத்தில் கிளம்பினால், முகவரி மாற்றத்திலேயே அந்த வாரம் போய்விடும். வேன் டெபாசிட்டுக்கு டெபிட் கார்டை நம்பாதீர்கள். கிரெடிட் கார்டு, அதுவும் ஓட்டுகிறவர் பெயரில்.

வலப்பக்கத்தை மறப்பது

அமெரிக்காவில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். இது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, வண்டி தானாக எந்தப் பக்கம் ஒதுங்கும் என்பது. வலப்புறம் உட்கார்ந்து, வண்டியின் மீதி உடம்பு இடப்புறம் இருப்பதாகவே நமக்குப் பழக்கம். இடது சீட்டில் உட்கார்ந்ததும் வலப்புற அகலம் கணக்கிலிருந்து நழுவிவிடும். வண்டி வலது ஓரத்தை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். ஹானாவுக்குப் போகும்போது கடல் இடப்புறம், மலை வலப்புறம். எனவே உரசுவது பாறையில்தான். வலது கண்ணாடியும், வலது பின்சக்கரமும், பக்கவாட்டுத் தகடும் போகும். வேன் காரைவிட நீளம் என்பதால் வளைவில் பின்சக்கரம் இன்னும் உள்ளே வெட்டும்.

கஹுலுயியில் காலியான வாகன நிறுத்துமிடத்தில் இருபது நிமிடம் பழகுங்கள். வலது சக்கரத்தைக் கோட்டில் நிறுத்தி, கண்ணாடியில் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வலது கண்ணாடியை, பின்சக்கரம் தெரியும் அளவுக்குச் சற்றுக் கீழே இறக்கிக்கொள்ளுங்கள். ஹானாவுக்குப் போகிற நாளில் முதல் ஓட்டுநராக மாமாவையோ மச்சானையோ உட்கார வைக்க வேண்டாம். ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டி இடித்தால் காப்பீடு செல்லாது.

பாலத்தில் முந்துவது

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஓட்டியவர்கள் இந்தச் சாலைக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அங்கே கற்ற ஒன்றை விட்டுவிட வேண்டும்: ஹாரன். முன்னே போகிறவரை நகரச் சொல்லி ஹாரன் அடிப்பது ஹவாயில் அவமரியாதை.

வழிவிடு பலகை இருக்கும் பாலத்தில் கோட்டுக்கு முன்னாலேயே நின்று எதிர்ப்பக்கம் பாருங்கள். யாராவது ஏறியிருந்தால், அவர் பின்னால் வருகிற வரிசையையும் விட்டுவிடுவதே அங்கத்திய வழக்கம். ஐந்தாறு வண்டி போனதும் உங்கள் பக்கம். பாலத்தின் மேல் படம் எடுக்க நிறுத்தவே கூடாது. பின்கண்ணாடியில் உள்ளூர் வண்டி நெருங்கினால், அடுத்த அகலமான ஓரத்தில் ஒதுங்கி வழிவிடுங்கள். அவர் வேலைக்கோ பள்ளிக்கோ மருத்துவரிடமோ போகிறவர். அவருக்கு இது சுற்றுலாச் சாலை அல்ல.

'பார்க்கிங் இல்லை' பலகையின் கீழ் நிறுத்தினால் அபராதம் 200 டாலருக்கு மேல்.

மைல் கல்லைத் தவறாகப் படிப்பது

கஹுலுயியிலிருந்து 36-ஆம் எண் நெடுஞ்சாலை. சுமார் 16 மைலில் அது 360 ஆகிறது, மைல் கல் மறுபடி 0-விலிருந்து தொடங்குகிறது. 'இரட்டை அருவி 2-ஆம் மைலில்' என்றால் இரண்டாவது கணக்கில். ஹானாவைத் தாண்டியதும் எண்கள் 51-லிருந்து இறங்குமுகம், கீபஹுலு 42-க்கு அருகே. கழிப்பறைக்கு 360-இல் 12-ஆம் மைல் கௌமஹினா, 22-ஆம் மைல் புவாக்கா. குழந்தைகள் இருந்தால் இந்த இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல்

பாயியாவில் டேங்கை நிரப்பவும். அடுத்தது ஹானாவில்தான், விலையும் கூட.

பேட்டரியும் தோசைக்கல்லும்

மவுயியில் வண்டிக்கு மின் இணைப்பு தரும் முகாமை எதிர்பார்க்காதீர்கள். வேனின் பின்பக்க பேட்டரிதான் எல்லாமே. 12 வோல்ட் ஃப்ரிட்ஜ் ஓடும்போது 3–4 ஆம்பியர் இழுக்கும். அந்த வெக்கையில் பாதி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 40 ஆம்பியர்-மணி. இரவு முழுக்க ஒரு சின்ன ஃபேன் 8, போன்கள் 4. ஆக 52. பழைய லெட்-ஆசிட் வகையில் 100 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. அதாவது ஒரு நாள்தான். கீபஹுலுவில் இரண்டு ராத்திரி வண்டியை அசைக்காமல் நிறுத்தினால் இரண்டாம் நாள் பால் திரிந்துவிடும். வண்டி எடுக்கும்போதே கேளுங்கள்: லெட்-ஆசிட்டா லித்தியமா, எஞ்சின் ஓடும்போது பின்பக்க பேட்டரி ஏறுமா? காற்று வரும் திசைக்கரை என்பதால் அங்கே மேகம் அதிகம். சோலார் பலகையை மட்டும் நம்ப முடியாது.

அடுப்பு பெரும்பாலும் பக்கத்தில் பியூட்டேன் குப்பி செருகும் ஒற்றை பர்னர். குப்பியை விமானத்தில் எடுத்துப்போக முடியாது, கஹுலுயியில் வாங்குங்கள். முழுத் தீயில் ஒரு குப்பி ஒன்றரை மணி நேரம் வரும். பெரிய தோசைக்கல்லையோ அகலமான கடாயையோ இதில் வைக்காதீர்கள். விளிம்பு குப்பி அறைக்கு மேல் நீண்டால் சூடு கீழே இறங்கி, குப்பியில் அழுத்தம் கூடி வெடிக்கும். 20 சென்டிமீட்டர் பாத்திரம் போதும். காற்றுத் தடுப்பை அடுப்பைச் சுற்றி மூடுவதும் அதே ஆபத்து. மழை பெய்தாலும் வண்டிக்குள் சமைக்க வேண்டாம், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. கறிவேப்பிலையைப் பையில் வைக்காதீர்கள். அமெரிக்க விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள்.

ஓடையில் இறங்குவது

மேலே ஹாலேயாகாலா சரிவு 3,055 மீட்டர் உயரம் போகிறது. அங்கே கொட்டுகிற மழை, கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளமாக வந்து சேரும். தண்ணீர் பழுப்பாக மாறினாலோ, இலையும் குச்சியும் அடித்து வந்தாலோ, செருப்பைக் கூடத் தேடாமல் மேட்டுக்கு ஏறுங்கள். கீபஹுலுவின் ஓஹேயோ குளங்களில் குளிக்க அடிக்கடி தடை இருப்பதற்கு இதுவும் பாறை உருள்வதும்தான் காரணம். காலில் காயம் இருந்தால் நன்னீரில் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் கிருமி ஹவாய் ஓடைகளில் உண்டு. ஓடை நீரைக் குடிக்கவும் பாத்திரம் கழுவவும் கூடாது. ஆளுக்கு நாளொன்றுக்கு நாலு லிட்டர் என்று கஹுலுயியிலேயே கேன் வாங்கி வண்டியில் ஏற்றிவிடுங்கள்.

பின்பக்கச் சாலையில் சுற்றி வருவது

கீபஹுலுவைத் தாண்டி காவுப்போ வழியாகப் போகும் பாதையை ஒப்பந்தம் தடுத்திருந்தால், வந்த வழியே திரும்புங்கள். அங்கே வண்டி நின்றுவிட்டால் இழுவை வண்டிக்கான செலவு முழுக்க உங்களுடையது.

வண்டிக்குள் பாஸ்போர்ட்

அருவிக்கு நடக்கும்போது கையோடு எடுத்துப்போகவும். கண்ணாடியை உடைக்க அரை நிமிடம் போதும்.