மரத்தில் செதுக்கும் தலைப்பெழுத்து: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடமுழுக்கு மலருக்கோ மணிவிழா மலருக்கோ கட்டுரையின் முதல் எழுத்தைப் பெரிதாக, பூவேலையோடு காட்டும் தலைப்பெழுத்தை மரக்கட்டையில் செதுக்கி அச்சிட வேண்டும் என்று மதுரையில் ஒருவர் முனைந்தால், முதல் தவறு உளியைத் தொடும் முன்பே, மரம் வாங்கும் இடத்தில் நடந்துவிடுகிறது. தச்சுப் பட்டறையில் எளிதில் கிடைக்கும் தேக்குத் துண்டு கதவுக்கும் நிலைக்கும் உகந்தது. அதன் பெருந்துளைகளும் தடித்த ரேகையும் மெல்லிய கோட்டைத் தாங்குவதில்லை. ஐரோப்பியர் பேரி மரத்தை நாடியது, அதன் ரேகை நெருக்கமாகவும் சீராகவும் இருப்பதால்தான்.

கோட்டின் பக்கச் சுவரை உட்புறமாகக் குடைந்துவிடுவது அடுத்த பிழை. மேலிருந்து பார்க்கையில் கோடு அழகாகவே தெரியும். அடியில் தாங்கல் இல்லாததால் அச்சுப்பொறி அழுத்தும்போது ஒடிந்துவிடும். சுவர் கீழே போகப்போக அகன்று சரிய வேண்டும்.

இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும் என்பது எல்லோரும் அறிந்ததே. தமிழில் தடுமாற வைப்பது கொம்புதான். 'கொடை' என்று தொடங்கும் கட்டுரைக்குக் ககரத்தை மட்டும் பெரிதாக்கி, கொம்பையும் காலையும் சிறிய அச்செழுத்தில் விட்டுவிடுவது ஆங்கிலப் பக்கங்களைப் பார்த்துச் செய்வதால் நேரும் விபரீதம். 'கொ' முழுவதும் ஒரே கட்டையில் வர வேண்டும். கட்டையில் கொம்பு வலப்பக்கமும் கால் இடப்பக்கமும் நிற்கும். அகலம் கூடுகிறதென்றால் பூவேலையைக் குறைக்கலாமே தவிர, எழுத்தை நெருக்கக் கூடாது. 247 எழுத்துகளுக்கும் கட்டை தேவைப்படாது என்பது ஓர் ஆறுதல்: மெய்யெழுத்துகளும் ண, ழ, ள, ற, ன வரிசைகளும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வருவதில்லை.

கோயில் தூணில் சுருண்டு படரும் கொடி வேலைப்பாடான கொடிக்கருக்கை அப்படியே ஓரங்குலக் கட்டையில் ஏற்றினால், இடுக்குகளில் மை அடைத்துக் கரும்புள்ளியே மிஞ்சும். 1476 முதல் வெனிசில் அச்சிட்ட எர்ஹார்ட் ராட்டோல்ட்டின் தலைப்பெழுத்துகளில் கருந்தளத்தில் வெண்கொடி படர்ந்தாலும், எழுத்து கொடியைவிடத் தடித்திருப்பதால் முதலில் கண்ணில் படுவது அதுவே.

பழைய நூல்களின் தலைப்பெழுத்துப் படம் ஒவ்வொன்றுக்கும் உட்பொருள் தேடுவதும் வீண்வேலை. 1572இல் லண்டனில் வெளிவந்த, 'பிஷப்ஸ் பைபிள்' எனப்படும் ஆங்கில விவிலியத்தின் பதிப்பில், எபிரெயர் நிருபத்தின் தொடக்க எழுத்துக்குள் கிரேக்கக் கதையின் லீடாவும் அன்னமும் இருக்கின்றன. வேறு நூலுக்கான கட்டையை எடுத்துப் போட்டதன் விளைவு அது. வரவு செலவு அறிக்கைக்கும் மீனாட்சியின் கிளியை வைப்பதைவிட, எங்கும் பொருந்தும் வெறும் கொடியே மேல்.

கட்டையின் உயரம் அச்செழுத்தின் உயரமான 0.918 அங்குலத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். குறைந்தால் அடியில் தாள் ஒட்டி ஏற்றிக்கொள்ளலாம். கூடினால் அழுத்தம் முழுவதையும் கட்டையே வாங்கிக்கொள்ள, பக்கத்து வரிகள் மங்கிவிடும்.