தண்டவாளம் போன பிறகு ஸ்டேஷனைத் தேடுவது எப்படி

நில அளவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பழைய ஸ்டேஷனைத் தேடுவதென்றால் முதலில் கிராம வரைபடத்தைத்தான் விரிப்பேன். ஊர்க்காரர்களிடம் அப்புறம் போகலாம்.

மயிலாடுதுறை–தரங்கம்பாடி மீட்டர் கேஜ் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1926-ல் வந்தது, 1986-ல் நின்றது. செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு என்று வழிநெடுகச் சின்னச் சின்ன ஸ்டேஷன்கள். வரைபடத்தில் வரப்புகள் கட்டம் கட்டமாகப் போகும்; ரயில் பாதை அதையெல்லாம் சட்டை பண்ணாமல் வயலைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போயிருக்கும். நாடா மாதிரி நீளும் அந்தப் புலங்களின் எண்ணைக் குறித்துக்கொண்டு 'அ' பதிவேட்டில் (கிராம நிலப் பதிவேடு) யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். நாடா எங்கே திடீரென்று அகலமாகிறதோ, அங்கேதான் ஸ்டேஷனைத் தேட வேண்டும். கிளைத் தண்டவாளத்துக்கும் கட்டடத்துக்கும் கூடுதல் இடம் எடுத்திருப்பார்கள்.

அடுத்தது காகிதம். பழைய கால அட்டவணையில் 'மயிலாடுதுறை' என்று தேடி ஒரு நாளை வீணாக்கியவன் நான். 1982 வரை அது மாயவரம்! தரங்கம்பாடியை ட்ராங்க்விபார் என்று தேடுங்கள். ஏதாவது பொருளில் எஸ்.ஐ.ஆர். முத்திரை இருந்தால், தென்னிந்திய ரயில்வே 1951-ல் மற்ற ரயில்வேக்களோடு சேர்ந்து தெற்கு ரயில்வே ஆவதற்கு முந்தையது.

வேலிக்கால், கொட்டகைத் தூண் என்று பழைய தண்டவாளத் துண்டுகள் நிற்கும். பக்கவாட்டைத் தேய்த்துப் பார்த்தால் ஆலையின் பெயரும் ஆண்டும் தெரியலாம். அதை ஸ்டேஷன் பிறந்த வருஷம் என்று எழுதிவிடாதீர்கள். வேறு பாதையில் தேய்ந்த தண்டவாளத்தைக் கிளைப் பாதைக்குக் கொண்டுவந்து போடுவது சகஜம்.

கடைசியாகப் பெரியவர்கள். "எந்த வருஷம்?" என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். வண்டி வரும் நேரத்தில் என்ன வேலை நடக்கும் என்று கேளுங்கள். ஆக்கூர்ப் பக்கம் ஒரு ஆத்தா சொன்னது: "காலை வண்டி ஊதிட்டுப் போனாத்தான் தம்பி, நாங்க களைக்கு எறங்குவோம். சாயங்கால வண்டிக்குக் கரையேறுவோம்." அந்த இரண்டு நேரத்தையும் அட்டவணையோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

தை அறுப்பு முடிந்ததும் போங்கள். ஐப்பசியில் போனால் ரயில் மேடு எது, வாய்க்கால் கரை எது என்று எனக்கே பிடிபடாது.