பிள்ளைக்கு விசேட கல்வி கேட்டுப் போகும்போது

முல்லைத்தீவு மாவட்டத்து மல்லாவிப் பக்கத்தில், இயலாமையுள்ள பிள்ளைகளின் அம்மாமார் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, எந்தக் கந்தோருக்குப் போக வேணும்?" என்றுதான். கந்தோருக்குப் பிறகு போகலாம். முதலில் ஒரு கொப்பி வாங்குங்கள்.

அதில் பிள்ளையைப் பற்றி எழுதுங்கள். "படிக்கமாட்டான், குழப்படி" என்று எழுதினால் ஒருவருக்கும் ஒன்றும் விளங்காது. என்ன செய்கிறான், எந்த நேரத்தில், அதற்கு முன் என்ன நடந்தது என்று எழுதுங்கள். என் மகனைப் பற்றி நான் எழுதியவற்றில் சில: "பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான். பஸ் சத்தம் தூரத்தில் கேட்டாலும் படலைக்கு ஓடுவான். பென்சிலை முழுக்கையாலும் பொத்திப் பிடிக்கிறான். வகுப்பில் சத்தம் கூடினால் மேசைக்குக் கீழே போய்விடுவான். படம் காட்டி, ஒவ்வொன்றாகச் சொன்னால் செய்கிறான்." பஸ் சத்த வரியை வைத்தியர் இரண்டு தரம் வாசித்தார். காதுப் பரிசோதனைக்கும் அனுப்பினார், காது மட்டும் காரணமாக இராது என்றும் சொன்னார். கடைசி வரியைக் காட்டித்தான் பாடசாலையில் உதவி கேட்டேன்.

பிள்ளையின் கிளினிக் கொப்பியுடன் குடும்ப நல உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கோ போனால், ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தருவார்கள். அங்கே நோயின் பெயரை மட்டும் எழுதுவித்துக்கொண்டு திரும்பாதீர்கள். வகுப்பில் பிள்ளைக்கு என்ன உதவி தேவை என்பதையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எல்லாவற்றையும் போட்டோக்கொப்பி எடுத்து வையுங்கள். மூலப்பிரதியை ஒருவரிடமும் விட்டுவிட்டு வரவேண்டாம்.

பிறகு அதிபருக்குக் கடிதம். ஒரு பக்கம் போதும்: பிள்ளையின் பெயர், வகுப்பு, கொப்பியில் இருந்து மூன்று நான்கு வரி, கேட்கும் உதவி. "உதவி செய்யவும்" என்று பொதுவாக முடிக்காமல், "முன்வரிசையில் இருத்தவும், விசேட கல்வி ஆசிரியர் ஒருவர் பார்த்து மதிப்பிட ஒழுங்கு செய்யவும், விசேட கல்வி அலகில் சேர்ப்பது பற்றி எழுத்தில் அறியத்தரவும்" என்று கேளுங்கள். (விசேட கல்வி அலகு என்பது சாதாரண பாடசாலைக்குள்ளேயே இப்படியான பிள்ளைகளுக்கென இருக்கும் தனி வகுப்பு.) பிரதி ஒன்று வலயக் கல்விப் பணிப்பாளருக்கு, விசேட கல்விக்குப் பொறுப்பான உத்தியோகத்தரின் கவனத்துக்கு என்று போட்டு அனுப்புங்கள். உங்கள் பிரதியில் திகதியுடன் கையெழுத்து வாங்குங்கள். தர மறுத்தால் பதிவுத் தபாலில் போட்டு, பற்றுச்சீட்டைக் கொப்பியில் ஒட்டுங்கள்.

"இங்கே வசதியில்லை, வேறு இடம் பாருங்கோ" என்று என்னிடமும் ஒரு பாடசாலையில் சொன்னார்கள். வாய்ச்சொல்லோடு எழும்பி வராதீர்கள். "அந்தக் காரணத்தை எழுதித் தாங்கோ, சேர்" என்று மரியாதையாகக் கேளுங்கள். வலுவிழந்தோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, இயலாமையைக் காரணம் காட்டி எந்தக் கல்வி நிறுவனத்திலும் அனுமதியில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. இலக்கத்தையும் பிரிவையும் கடிதத்திலேயே எழுதுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். அதன் பிராந்திய அலுவலகம் வவுனியாவில் இருக்கிறது.

எந்தப் பாடசாலையில் விசேட கல்வி அலகு இருக்கிறது, ஆசிரியர் இருக்கிறாரா, இடம் வெற்றாகக் கிடக்கிறதா என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வலயக் கல்வி அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் எழுதிக் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும்.

உதவித்தொகை, சக்கர நாற்காலி, கேட்கும் கருவி போன்றவை வேறு வழி: கிராம அலுவலரின் கடிதத்துடன் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைக் காணுங்கள்.

போகிற இடமெல்லாம் மன்னிப்புக் கேட்கிற குரலில் பேசும் அம்மாமாரைக் காணும்போது எனக்கு நெஞ்சு வலிக்கிறது. ஊர் "முன்செய்த வினை" என்று சொல்லட்டும். 5 வயது முதல் 16 வயது வரை இந்த நாட்டில் கல்வி கட்டாயம். அதில் உங்கள் பிள்ளையும் அடக்கம். தனியப் போகப் பயமென்றால் இன்னொரு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒருவர் பேச, மற்றவர் எழுதலாம்.

புலமைப்பரிசிலோ சாதாரண தரமோ எழுதும் பிள்ளை என்றால், மேலதிக நேரம் அல்லது சொல்வதை எழுத ஒருவர் வேண்டும் என்ற விண்ணப்பம் மருத்துவச் சான்றுகளுடன் பாடசாலை ஊடாகப் பரீட்சைத் திணைக்களத்துக்குப் போக வேண்டும். பரீட்சை விண்ணப்பம் நிரப்பும் நாட்களிலேயே அதிபரிடம் இதை ஞாபகப்படுத்துங்கள்.