வோர்ஃபரின் எடுப்பவர் வீட்டில் இருந்தால்

அம்மாவுக்கு இதயத்தில் உலோக வால்வு. அதில் இரத்தம் கட்டாமல் இருக்க ஆயுள் முழுக்க வோர்ஃபரின் என்ற மருந்து. மருந்தை எடுத்துக் கொடுப்பது நான்தான்.

முருங்கை இலை, வல்லாரை, பொன்னாங்காணியில் இருக்கும் விட்டமின் கே இந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும். அதற்காகக் கீரையை விடவேண்டாம். வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிட்டால் போதும். எங்கள் ஊரில் சிக்கல் விரத காலத்தில்தான். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் மரக்கறிச் சாப்பாடு, கீரை கூடும், ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை அளவு) இறங்கலாம், அப்படியென்றால் இரத்தம் கட்டலாம். கந்தசஷ்டிக்கு 6 நாளும் பட்டினி கிடந்தால் அது ஏறி, இரத்தம் கசியலாம். விரதத்துக்கு முன்பே கிளினிக்கில் கேளுங்கள். பலருக்கு ஐ.என்.ஆர். 2 முதல் 3 வரை இருக்கவேண்டும். சில வால்வுகளுக்கு அதைவிடக் கூட. உங்களுக்கு எவ்வளவு என்று டொக்டரிடம் கேட்டுக் கொப்பியில் எழுதிவையுங்கள்.

முழங்கால் நோவுக்குப் பாமசியில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வாங்கவே வேண்டாம். அவற்றால் வயிற்றுக்குள் இரத்தம் கசியலாம், அது உடனே வெளியே தெரியாது. பனடோல் பரவாயில்லை, ஆனால் நாட்கணக்கில் போடுவதென்றால் டொக்டரிடம் சொல்லுங்கள். பல்லுக்குத் தரும் கிருமிகொல்லி மெட்ரோனிடசோல்கூட ஐ.என்.ஆரை ஏற்றிவிடும். நாட்டு மருந்தும் அப்படித்தான், கேட்காமல் எடுக்கக்கூடாது. மாரியில் காய்ச்சல் வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். டெங்கு என்றால் இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டும் குறையும், இரண்டும் சேர்ந்தால் ஆபத்து. அதற்காக வோர்ஃபரினை நீங்களாகவே நிறுத்தவும் கூடாது, வால்வில் இரத்தம் கட்டிவிடும்.

மீன் வெட்டும்போதோ, தேங்காய் துருவும் திருவலையிலோ, பனை மட்டைக் கருக்கிலோ கை வெட்டுப்பட்டால் சுத்தமான துணியால் 10 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். இடையில் எடுத்துப் பார்க்கக் கூடாது. கோப்பித்தூள் அப்புவதும் வேண்டாம். மூக்கால் இரத்தம் வந்தால் முன்பக்கம் குனிந்து இருந்து, மூக்கின் மென்மையான பகுதியை இரு விரலால் இறுக்கிப் பிடிக்கவேண்டும். நிற்கவில்லையென்றால் ஆஸ்பத்திரிதான்.

எனக்குப் பெரிய பயம் தலையடி. கிணற்றடியில் வழுக்கித் தலை அடிபட்டால், காயமே இல்லாவிட்டாலும் உடனே 1990க்கு அழையுங்கள், இலங்கையில் அந்த அம்புலன்ஸ் இலவசம். தார் போலக் கறுத்த மலம், சிவந்த சிறுநீர், இரத்த வாந்தி, திடீரென்று தாங்கமுடியாத தலைவலி, இவற்றுக்கும் அதேதான். வந்தவர்களிடம் முதல் வார்த்தையாக வோர்ஃபரின் என்று சொல்லிக் கொப்பியைக் காட்டுங்கள்.

ஒரு நாள் குளிசை மறந்துபோனால், அன்றைக்கே நினைவு வந்தால் போடலாம். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் இரண்டு நாள் மருந்தைச் சேர்த்துப் போடாமல், வழமையான அளவையே கொடுத்து, விட்டுப்போன திகதியைக் கொப்பியில் குறித்துவையுங்கள்.