உப்புக்காற்றைத் தாங்கும் ஆமைப் பலகை: என் அனுபவம்

எங்கள் டிசைன் ஆபீஸ் சென்னையில், கடலை ஒட்டியே இருக்கிறது. நாலே பேர். பக்கத்துக் குப்பத்துக் கரைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். அங்கே வருபவர்களுக்கான அறிவிப்புப் பலகை எங்கள் பொறுப்பு, காசு வாங்குவதில்லை.

முன்பு இருந்தது இரும்புச் சட்டத்தில் கட்டிய ஃப்ளெக்ஸ். ஒரு கோடை தாண்டாது. வெயிலில் முதலில் வெளுப்பது சிவப்பும் மஞ்சளும்தான். "டார்ச் அடிக்காதீர்கள்" என்ற முக்கியமான வரி சிவப்பில் இருந்தது, அதுதான் முதலில் காணாமல் போனது. ஆணிகளை உப்புக்காற்று தின்றுவிட்டது.

வழி சொன்னவர் படகுகளுக்கு ஒட்டுப்போடும் அண்ணன். "படகே தாங்குது தம்பி, பலகை தாங்காதா?" என்றார். ஃபைபர் துணியில் ரெசின் பூசி அவரே தகடு செய்து கொடுத்தார். வெள்ளைப் பரப்பில் கறுப்பு எனாமல், கையால் எழுதியது. சவுக்குக் கம்பங்கள், உப்பை நன்றாகத் தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட். சாதாரண 304 ரகம் வாங்காதீர்கள், கரையோரத்தில் துருப்புள்ளி வைத்துவிடும்.

பலகைக்கு விளக்கு போடலாமே என்று சிலர் கேட்டார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆமைக்குஞ்சுகள் இரவில் மணலை விட்டு வெளியே வந்ததும் வெளிச்சம் இருக்கும் பக்கம்தான் ஓடும். விளக்கு இருந்தால் கடலுக்குப் பதில் ரோட்டுக்கு வந்து நசுங்கும். அதனால் பலகையை மணலில் நடாமல் தெருமுனையில், ஏற்கெனவே எரியும் தெருவிளக்கின் கீழ் வைத்தோம். செருப்பைக் கழற்றும் இடத்திலேயே எல்லோரும் படித்துவிடுகிறார்கள்.